இரண்டு சாதிக்காய்

வெயில் ஏறுவதற்குள் கராம்பைப் பரப்பிவிட வேண்டும். ஸ்டோருக்கு முன்னால் இருந்த சீமெந்துக் களத்தில் ஏழு பெண்கள் இடுப்பை வளைத்து நின்று, முந்திய நாள் காம்பு உடைத்த மொட்டுகளைக் கையால் தள்ளித் தள்ளி விரித்துக்கொண்டிருந்தார்கள். மரத்திலிருந்து இறங்கும்போது பச்சையும் சிவப்புமாக இருந்த மொட்டு, இரண்டு நாள் வெயிலில் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் கறுத்துவிடும்; விரலுக்குள் வைத்து ஒடித்தால் சத்தத்தோடு முறியும். அந்தச் சத்தத்தைக் கேட்டே சாக்கில் கட்டலாமா, இன்னொரு வெயில் காட்ட வேண்டுமா என்று சொல்லிவிடுவாள் வேலம்மா. பதினாறு வருஷமாக அவளுக்கு இதே களம்தான்.

ரத்தோட்டைக்கு மேலே ஆனைக்கல் தோட்டத்தில் தேயிலை பேருக்குத்தான் இருந்தது. கராம்பும் மிளகும் சாதிக்காயும்தான் அங்கே சோறு போட்டன. ஸ்டோர் வேலை என்றால் மலை ஏற வேண்டாம், அட்டைக்கடி இல்லை, மழை வந்தால் தலைக்கு மேல் தகரம் இருக்கும். யாரை ஸ்டோரில் வைப்பது, யாரை மலைக்குப் புல்லு வெட்ட அனுப்புவது என்பதெல்லாம் ஸ்டோர் கங்காணி முத்துவீரன் கையில் இருந்தது. அவன் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து குலுங்கினால் களத்தில் பேச்சு தானாகவே குறையும்.

அன்று சாவிச் சத்தத்தோடு துரையின் சப்பாத்துச் சத்தமும் வந்தது. துரை இந்தத் தோட்டத்துக்கு வந்து மூன்று மாதம்தான். முந்திய நாள் ஸ்டோருக்குள் தானே இறங்கிச் சாக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணியிருந்தார். கிளாக்கர் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"ரெண்டு சாக்கு கராம்பு இல்லை," என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில். "நான் எண்ணிப் பாத்தது. பொலிஸ் கூப்பிட ஏலும். உங்க கோயிலும் ஏலும். எது வேணும்?"

பொலிஸைக் கூப்பிட்டால் கொழும்புக்கு மூன்று கடிதம் எழுத வேண்டும், புதிதாக வந்த துரை ஏன் கோட்டை விட்டார் என்று அங்கே கேட்பார்கள். கோயிலுக்கு ஒரு பெட்டி சூடம் போதும். இந்த வித்தியாசம் துரைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"கோயிலுக்கே போவோம் தொரை," என்றான் முத்துவீரன். "பொலிசு வந்தா மொதல்ல லயத்துல இருக்கிற வயசுப் பயலுகளத்தான் ஏத்துவாங்க. கள்ளன் மாட்டுறானோ இல்லியோ, அவனுக மாட்டிக்குவானுக."

அது உண்மைதான். போன கார்த்திகையில் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து இரண்டு பையன்களை மாத்தளை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். கையில் அடையாள அட்டை இல்லை என்பதைத் தவிர அவர்கள் செய்த குற்றம் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஒருவன் நாற்பது நாள் கழித்து வந்தான். இன்றைக்கும் அவனால் தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையால் பிடிக்க முடியாது. மற்றவனைப் பற்றி ஆடி மாதம் வந்தால் ஏதாவது தெரியும் என்று அவன் தாய்க்கு யாரோ சாத்திரம் சொல்லியிருந்தார்கள்.

கிளாக்கர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில், ஸ்டோரில் வேலை செய்யும் ஒன்பது பேரும் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். சொல்ல வேண்டிய வாசகத்தைத் துரையே எழுதிக்கொடுத்திருந்தார். 'இந்த ஸ்டோரிலிருந்து நான் ஒரு நாளும் ஒரு மணியும் எடுத்ததில்லை. எடுத்தது யாரென்றும் எனக்குத் தெரியாது.' அடிக்க மறுத்தவர்தான் கள்ளன். யாரும் மறுக்காவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெண்கள் திரும்பவும் குனிந்து கராம்பைத் தள்ளினார்கள். வேலம்மாவின் கை மட்டும் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

சாயந்தரம் மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தோடு நின்றபோது சந்திரகாந்தா பக்கத்தில் வந்தாள். முப்பது வயதுக்குள் தாலியைக் கழற்றியவள், வீட்டில் மூன்று பிள்ளைகள். சாக்கு வாய் தைப்பது அவள் வேலை. போன மாதம் ஒரு நாள் எல்லோரும் போனபிறகு அவள் தைத்துக்கொண்டிருக்கையில்தான், முத்துவீரன் ஸ்டோரின் பின்கதவைத் திறந்து இரண்டு சாக்கை வெளியே உருட்டினான். அவளைப் பார்த்து, தைக்கிறதைப் பார் என்று மட்டும் சொன்னான். அவள் இதைச் சொன்னது வேலம்மா ஒருத்தியிடம்தான்.

"அக்கா, அத யாருகிட்டயும் சொல்லலியே?"

"நான் எதுக்குப் புள்ள சொல்றேன்."

"வெள்ளிக்கெழம நான் அடிச்சிருவேங்க்கா. இதுகள வச்சிக்கிட்டு மலைக்குப் போக எனக்குச் சீவன் இல்ல. ஏன் பொய் சொன்னேன்னு ஆத்தா கேட்டா, நீ எம் புள்ளைகளுக்குச் சோறு போட்டியான்னு நான் திருப்பிக் கேப்பேன்." சொல்லும்போது சிரித்தாள். குடத்தை இடுப்பில் வைக்கும்போது அவள் கண் நிறைந்திருந்தது. "என் பேர மட்டும் எடுத்துறாதீங்கக்கா."

"போ புள்ள. தண்ணி வழியுது பாரு."

லயத்து வீட்டு வரிசையில், ஒற்றை அறைக் காம்பராவில், வேலம்மாவின் புருஷன் இருளாண்டி அடுப்பை மூட்டி வைத்திருந்தான். கராம்பு மரத்து ஏணியிலிருந்து விழுந்து நாலு வருஷமாகிறது. இடது கால் முழங்காலோடு மடங்காமல் நின்றுவிட்டது. தோட்டத்துக் கணக்கில் அவன் பேர் இல்லை. வேலம்மாவின் பேரில்தான் அந்தக் காம்பரா இருந்தது. மகன் சிவலிங்கம் ரோட்டு வேலைக்குப் போய்விட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். இருபது வயது. பிரஜாவுரிமைக் கடதாசி இன்னும் ஏதோ ஒரு கந்தோரில் கிடக்கிறது. அது வந்தால்தான் அடையாள அட்டைக்கு எழுதலாம். அவன் மாத்தளை டவுனைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

அவன் பந்து விளையாடப் போனதும் வேலம்மா சொன்னாள். "காணாமப் போன சாக்குக்கு நான் நூறு வாட்டி சத்தியம் பண்ணுவேங்க. ஒரு நாளும் ஒரு மணியும் எடுத்ததில்லன்னு சொல்லச் சொல்றாங்களே."

இருளாண்டி புகையிலிருந்து முகத்தைத் திருப்பினான். எதைச் சொல்கிறாள் என்று அவனுக்கு உடனே புரிந்தது. பன்னிரண்டு வருஷமாக இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எழுபத்து நாலாம் வருஷம். அரிசி இல்லை, மா இல்லை. மரவள்ளி கிடைத்த வீடு பணக்கார வீடு. ரெண்டு வயது மகள் காந்திமதிக்கு வயிற்றோட்டம் கண்டு நாலு நாளாக நிற்கவில்லை. சாதிக்காயை இழைத்துப் பாலில் கொடு, நிற்கும் என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. ஸ்டோரில் சாதிக்காய் குவிந்து கிடந்தது. கேட்டிருக்கலாம், கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கண்டாங்கி மடிப்பில் இரண்டு காயைச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். பால் கிடைக்கவில்லை, வெந்நீரில் இழைத்துக் கொடுத்தாள். ஒரு காய் பாதி தேய்வதற்குள் பிள்ளை போய்விட்டது. முழுசாக மிஞ்சிய காயைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கத் துணிவில்லாமல், குழியில் மண் தள்ளும்போது பிள்ளையோடு சேர்த்துப் போட்டாள். திருட்டுச் சாமான் என்று தெரிந்துதான் அம்மன் அந்த மருந்தைக் கேட்கவிடவில்லை என்பது அவள் மனதில் அன்றே விழுந்துவிட்டது, யார் சொல்லியும் விழுந்தது அல்ல.

"ரெண்டு காய்க்கா சாமி சண்டைக்கு வரப்போவுது?" என்றான் இருளாண்டி. "அதுவும் புள்ள உசிருக்கு எடுத்தது."

"அதுக்குத்தானேங்க ஆத்தா ஒண்ண எடுத்துக்கிச்சு. இப்ப பொய்ச் சத்தியமும் பண்ணா? மிச்சம் இருக்கிறது இவன் ஒருத்தன்தான்."

"நீ அடிக்காட்டி பொலிசு வரும். வந்தா இவனத்தான் மொதல்ல ஏத்துவான். ஐடென்டியும் இல்ல." அவன் குரல் எழும்பி உடைந்தது. "எந்தப் பக்கம் போனாலும் இவந்தானேடி!"

பானைக்குள் அரிசி கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் அவள் முத்துவீரனைத் தேடிப் போனாள். அவன் ஸ்டோர் வாசல் படியில் உட்கார்ந்து ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். கெட்ட மனுஷன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. லயத்தில் சாவு விழுந்தால் முதலில் பலகை வாங்க ஓடுகிறவன் அவன். இருளாண்டி விழுந்த அன்று அவனைத் தோளில் போட்டு டிஸ்பென்சரிக்குத் தூக்கிப்போனவனும் அவன்தான்.

"கங்காணி, அந்த வார்த்தைய மட்டும் கொஞ்சம் மாத்தச் சொல்லுங்க. கராம்புச் சாக்க எடுக்கலன்னு அடிக்கிறேன். ஒரு நாளும் ஒண்ணும் எடுத்ததில்லன்னு என்னால சொல்ல முடியாது." சாதிக்காய்க் கதையைச் சொன்னாள். சொல்லும்போது வெட்கத்தில் அவள் உடம்பெல்லாம் வேர்த்தது.

முத்துவீரன் ரொட்டியைக் கீழே வைத்தான். "அடப்பாவமே! தங்கச்சி, இத இவ்வளவு நாளா மனசுலயா வச்சிருந்த? எங்கிட்டக் கேட்டிருந்தா நானே ரெண்டு கை அள்ளிக் குடுத்திருப்பேனே." அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "வார்த்தைய மாத்த ஏலாது. உனக்கு மாத்துனா மத்தவங்களும் கேப்பாங்க. ஒண்ணு செய்யி. மஞ்சத் துணியில ஒரு ரூவாக் குத்திக் காச முடிஞ்சு, 'தாயே, வயித்துக்காகச் செய்யிறேன், மன்னிச்சுக்க'ன்னு சொல்லி இன்னைக்கே ஆத்தா காலடியில வச்சிரு. முன்கூட்டியே சொல்லிட்டா அது குத்தத்துல சேராது. நானும் நேத்தே முடிஞ்சு வச்சிட்டேன்."

வேலம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்ற பதற்றம் அதில் இல்லை. தலைவலிக்குப் பத்துப் போடச் சொன்ன மாதிரி இருந்தான்.

"ஆத்தாகிட்ட அப்பிடிப் பேசி முடிச்சிட்டா, அப்புறம் சூடம் எதுக்குக் கங்காணி?"

"அது தொரைக்கு," என்றான் முத்துவீரன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே கோயிலடியில் லயத்துச் சனம் கூடிவிட்டது. தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், பக்கத்தில் ஒரு பலாமரம். துரை சப்பாத்தைக் கழற்ற விரும்பாமல் கயிற்றுக்கு வெளியே நின்றார். பூசாரி வாசல் கல்லின்மேல் சூடக்கட்டியை வைத்துக் கொளுத்தினார். முதலில் முத்துவீரன் வந்தான். தலைமுழுகி நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தான். கிளாக்கர் சொல்லச் சொல்லக் கணீரென்று சொல்லி, ஒரே அடியில் சூடத்தை அணைத்தான். வாசலுக்குள் அம்மன் காலடியில் மஞ்சள் முடிச்சுகள் கிடந்தன. எட்டு இருந்தன. ஒன்பது பேரில் எட்டுப் பேர் முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள். அவரவர்க்கு எது இருந்ததோ, ஒரு பிடி மிளகோ, குழம்புக்கு நாலு கராம்போ.

சந்திரகாந்தா கடைசிப் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி வேலம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வாசகத்தை வேகமாகச் சொன்னாள். கையை ஓங்கி அடித்தாள். திரும்பி வந்து பிள்ளையை வாங்கும்போது அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

ஏழாவதாக வேலம்மா கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கிளாக்கர் வாசித்தார்.

"கராம்புச் சாக்க நான் எடுக்கல," என்றாள்.

"எழுதியிருக்கிறதச் சொல்லும்மா."

சூடம் எரிந்து தணிந்தது. பூசாரி இன்னொன்று வைத்தார். அதுவும் எரிந்து கல்லில் கறுப்பு வட்டம் விழுந்தது. பின்னால் சனம் அசைந்தது. "அடிச்சிரு வேலம்மா." "பயலுகள நெனச்சுப் பாரு." "ஒனக்கு மட்டுமா சாமி இருக்கு?" கேட்டவர்கள் யாரும் கோபமாகக் கேட்கவில்லை. பயத்தில்தான் கேட்டார்கள். ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒரு பையன் இருந்தான்.

"அம்மா, அடிம்மா," என்றது சிவலிங்கத்தின் குரல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ரோட்டுத் தார் ஒட்டிய சாரத்தோடு, மெலிந்த கழுத்தோடு அவன் நின்றான். காந்திமதியின் கழுத்தும் அப்படித்தான் இருந்தது. அவனைப் பார்த்த பிறகு கை எழும்ப வழியே இல்லாமல் போய்விட்டது.

"நான் எடுத்திருக்கேன் தொரை. ரெண்டு சாதிக்கா. எழுபத்து நாலுல. எம் புள்ளைக்கு."

கிளாக்கர் அதைச் சிங்களத்தில் சொன்னார். பிள்ளை இறந்ததையும் சேர்த்துச் சொன்னார். அந்த அளவுக்கு அவரும் நல்லவர்தான். துரை அவளிடம் திரும்பினார்.

"பன்னிரண்டு வருஷம் சொல்லவில்லை. இப்ப கராம்பு எடுத்தா மட்டும் சொல்லுமா?"

"கராம்பு எடுக்கல தொரை."

"அப்ப எடுத்தது யார்? தெரியுமா, தெரியாதா?"

சந்திரகாந்தாவின் இடுப்பிலிருந்த பிள்ளை சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு வேலம்மாவைப் பார்த்துச் சிரித்தது. முத்துவீரன் கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தான்.

"தெரியாதுன்னு சொல்ல மாட்டேன் தொரை. யாருன்னும் சொல்ல மாட்டேன்."

துரைக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. பொலிஸ் வேண்டாம் என்றார். பெண்பிள்ளை, வயது போனவள், பொலிஸில் கொடுத்தால் பாவம் என்றார். பத்து நாளில் காம்பராவைக் காலி பண்ண வேண்டும், அவ்வளவுதான். மிச்சம் இருந்த இரண்டு பேருக்குச் சூடம் அடிக்கும் வேலை இல்லாமல் போயிற்று. சனத்தின் நெஞ்சிலிருந்து மூச்சு வெளியே வந்தது. யாரும் அவளைக் கள்ளி என்று நினைக்கவில்லை. ஆனாலும் அன்று எல்லார் வீட்டிலும் அடுப்பு நேரத்துக்கு எரிந்தது.

தொழிற்சங்கத் தலைவரிடம் இருளாண்டி கம்பை ஊன்றிக்கொண்டு போனான். "கைரேகை வாங்கியிருந்தாக்கூட மறுத்துப் பேசலாம் அண்ணே," என்றார் அவர். "ஊரே பாக்க கோயில்ல வச்சு வாயால ஒத்துக்கிட்டாங்களே, சங்கம் என்னத்தப் பேசும்?" அந்தப் பத்து நாளும் லயத்துப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி மரவள்ளிக் கிழங்கு, ஒருத்தி கால் போத்தல் தேங்காய் எண்ணெய், ஒருத்தி சிவலிங்கத்துக்குத் தன் புருஷனின் சட்டை. சந்திரகாந்தா மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்து வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். ஏனடி அழுகிறாய் என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தது வேலம்மாதான். தடவும்போதே, இவளை இரண்டு அறை அறைய வேண்டும் என்றும் அவளுக்கு இருந்தது.

எங்கே போவது என்று தெரியவில்லை. தம்புள்ளைப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அந்த வழியெல்லாம் பஸ்ஸை மறித்துப் பார்க்கிறார்கள், சிவலிங்கத்தை எப்படிக் கூட்டிப்போவது? ஒன்பதாம் நாள் முத்துவீரன் வந்தான்.

"நாளைக்கு நம்ம கராம்பு வாங்குற மாத்தளை முதலாளி வீட்டு லொறி சரக்கு ஏத்த வருது. அதுல டவுனுக்குப் போயிருங்க. லொறிய யாரும் மறிக்க மாட்டான், வழியில எல்லாருக்கும் பழக்கம். முதலாளிகிட்ட உங்களப் பத்தி நான் பேசியிருக்கேன்." போகும்போது திரும்பி, "மனசுல ஒண்ணும் வச்சிக்காத தங்கச்சி," என்றான்.

காலையில் சரக்கு ஏறிய பிறகு அவர்களை ஏற்றினார்கள். லொறிக்காரர் ஹுசைன் இரண்டு சாக்கைப் புரட்டி இருளாண்டியின் காலுக்கு இடம் பண்ணினார். "நல்லா நீட்டி வச்சிக்கோங்க அண்ணே. வளைவுல சாக்கைப் புடிச்சிக்கோங்க." வேலம்மா கராம்புச் சாக்கின்மேல் பானை சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிவலிங்கத்தைச் சாக்குகளுக்கு நடுவே குனிந்து இருக்கச் சொன்னார்கள். ரத்தோட்டைச் சந்தியில் பஸ்ஸை மறிக்கத் துவக்கோடு நின்றவன் ஹுசைனைப் பார்த்துக் கையை ஆட்டினான். லொறி நிற்காமல் போயிற்று. முன் சீட்டில் கூடவே வந்த முத்துவீரன் அவனுக்கு ஒரு சிகரெட்டை எறிந்தான்.

மாத்தளைப் பெரிய தெருவில் முதலாளியின் கடை. எண்பத்து மூன்றில் எரிந்த சுவரின் பாதியை அப்படியே வைத்து, மேலே புதுச் செங்கல் கட்டியிருந்தார்கள். கடைக்குள் ஆள் உயரத்துக்கு மாரியம்மன் படம், அதற்கு முன்னால் அணையாமல் ஒரு விளக்கு. பின்கட்டில் லொறியை விட்டுச் சரக்கை இறக்கினார்கள். தோட்டத்துச் சிட்டையில் பத்துச் சாக்கு என்று இருந்ததை ஹுசைன் உரக்க வாசித்துக் கொடுத்தார். பதினாறு வருஷப் பழக்கம். தன்னைத் தாண்டிப் போன ஒவ்வொரு சாக்கையும் வேலம்மா எண்ணினாள். பதின்மூன்று வந்தது. திரும்ப ஒருமுறை மனதுக்குள் எண்ணினாள். பதின்மூன்றுதான். ஹுசைன் லொறியின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலாளி வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. குரலில் நல்ல மரியாதை இருந்தது.

"வாங்கம்மா. முத்துவீரன் எல்லாம் சொன்னான். ரெண்டு சாதிக்காய்க்காகக் கோயில்ல பொய் சொல்ல மாட்டேன்னீங்களாமே? எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இந்தக் காலத்துல அப்பிடி ஆள எங்க தேடுறது?" அவர் உண்மையாகவே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். "இங்க இருக்கிறதுக எல்லாம் கள்ளப் பயலுக. சரக்க நம்பி விட முடியல. பின்னால ஒரு அறை இருக்கு, மூணு பேரும் தங்கிக்கலாம். தம்பிக்குப் பொலிஸ்ல நானே போயி, என் கடை ஆளுன்னு எழுதிக் கடதாசி வாங்கித் தாரேன். அது இருந்தா யாரும் தொட மாட்டான்."

கடதாசி என்ற சொல்லைக் கேட்டதும் இருளாண்டிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிவலிங்கம் அம்மாவைப் பார்த்தான். வேலம்மா ஓரமாகத் தனியே வைத்திருந்த மூன்று சாக்கையும் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"என்ன வேலைங்க?"

முதலாளி அந்த மூன்று சாக்கையும் காட்டினார். "சுகமான வேலைதான். உக்காந்துக்கிட்டே செய்யலாம். சரக்கப் பாயில கொட்டிட்டு, சாக்கப் பொரட்டிப் போட்டுத் திரும்பக் கட்டணும். தோட்டத்து மார்க்கு வெளியில தெரியக் கூடாது. நம்பிக்கையான ஆளு கிட்டத்தான் இதக் குடுக்க முடியும் பாருங்க."

வேலம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். முதல் சாக்கின் தையலைப் பிரித்தாள். கராம்பு கறுப்பாகச் சரிந்து பாயெல்லாம் பரந்தது. ஆனைக்கல் கராம்பு, நாலு வெயில் சரியாகக் காட்டியது. வெறும் சாக்குக்குள் தோள்வரை கையை விட்டு, அடிமூலைகள் இரண்டையும் பிடித்து வெளியே இழுத்தாள். தோட்டத்தின் கறுத்த முத்திரை உள்ளே போயிற்று. மூலைத் தையலில் ஒட்டிக்கொண்டிருந்த நாலைந்து மொட்டு உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது. அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். மடிப்புக்குள் ஒன்று சிக்கியிருக்கிறதா என்று சேலையை உதறிப் பார்த்தாள். இன்னும் ஒன்று இருந்தது. அதையும் எடுத்து முதலாளியின் குவியலில் போட்டாள்.